சோற்றைத் திடீரென்று விடாமல் கார்பைக் குறைக்க வழி என்ன? மும்பைக்காரர்கள் சொல்லுங்கள்

செம்பூர்_வாசு

வணக்கம். வயது 44, செம்பூரில் வீடு, ஃபோர்ட்டில் வேலை. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி) 6.1 என்று வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை எதுவும் தரவில்லை. கார்போஹைட்ரேட்டைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். எதை எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் பேச நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

நான் சாப்பிடுவது: காலையில் நாலு இட்லி அல்லது மூன்று தோசை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, கூடவே பிஸ்கட். மதியம் டப்பாவில் சாம்பார் சாதம், தயிர் சாதம், கொஞ்சம் பொரியல். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ். இரவு மறுபடியும் சோறு. சைவம், ஆனால் முட்டை உண்டு.

நெட்டில் தேடினால் நாளைக்கே அரிசியைத் தூக்கிப் போடு என்கிறார்கள். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கென்று தனி அடுப்பு வைக்க முடியாது. படிப்படியாகக் குறைத்து அதிலேயே நிலைத்தவர்கள் இருந்தால் எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

தாராவி_செல்வி

வாசு சார், 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5 தொட்டால் சர்க்கரை நோய், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். உணவை மாற்றினாலே திரும்பிப் போக வாய்ப்புள்ள இடம் இது, அதனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கலைக்கவும் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்ப். டப்பாவில் 300 கிராம் சோறாவது இருக்கும், அது மட்டுமே 84. இரவும் அதே அளவு. நாலு இட்லியில் 40 பக்கம் வரும். வடா பாவில் பாவ், உருளைக்கிழங்கு, மேலே கடலைமாவு, மூன்றும் மாவுச்சத்துதான், 30க்குக் குறையாது. இரண்டு டீயில் போட்ட சர்க்கரை மட்டும் 16லிருந்து 20 கிராம், பிஸ்கட் தனி. பருப்பு, பால், காயையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 300ஐத் தாண்டுகிறது. லோ கார்ப் என்று பொதுவாகச் சொல்வது 130 கிராமுக்குக் கீழே. கீட்டோ என்றால் 50க்கும் கீழே. 300லிருந்து ஒரே நாளில் 50க்கு வருவதற்கும், 200, 150, 130 என்று இறங்குவதற்கும் உடம்பு படும் பாட்டில் பெரிய வித்தியாசம் உண்டு.

எங்கள் வீட்டில் என் கணவருக்காக இதைச் செய்தோம், இன்றுவரை அப்படியே போகிறது. முதலில் எடுத்தது டீயில் சர்க்கரையும் பிஸ்கட்டும்தான், ஏனென்றால் அதில் வீட்டில் யாருக்கும் பங்கில்லை, சமையலும் மாறாது. ஒரே நாளில் சர்க்கரையில்லாத டீ இறங்காது, அரை அரை ஸ்பூனாகக் குறைத்தால் கொஞ்ச நாளில் பழைய இனிப்பு தொண்டையிலேயே நிற்கும். அடுத்து சாயங்காலத் தீனி. மூன்றாவதாக இரவுச் சோறு. மதியச் சோற்றில் கடைசியில்தான் கைவைத்தோம், அதையும் முழுக்க எடுக்கவில்லை, பாதியாக்கினோம், அவ்வளவுதான். ஒன்று பழகாமல் அடுத்ததைத் தொடாதீர்கள், பத்துப் பதினைந்து நாள் விட்டு அடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவை ஏன் மதியத்துக்கு முன்னால் வைத்தேன் என்றால், ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு, அதே சோறு ஒன்பது மணிக்கு மேல் சாப்பிட்டால் ரத்தத்தில் அதிகமாக ஏறும். நீங்கள் ட்ரெயினில் இருந்து இறங்கி வீட்டுக்கு வரவே எட்டரை ஆகும் அல்லவா.

முக்கியமானது, எடுத்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். பலரும் சோற்றைக் குறைத்துவிட்டு அதே ரெண்டு ஸ்பூன் பொரியலோடு எழுந்துவிடுகிறார்கள், பத்து மணிக்குப் பசி கிளம்பி மிக்சர் டப்பாவைத் தேடுகிறார்கள். முட்டை, பன்னீர், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று புரதம் அந்த இடத்துக்கு வர வேண்டும், காயும் இரண்டு மடங்காக வேண்டும்.

முலுண்ட்_கணேஷ்

செல்வி அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் என் கருத்து வேறு. படிப்படியாக என்று தொடங்குகிற பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பாதி கப் சோறு என்று வைத்தால் அது முக்கால் ஆகும், யாராவது விருந்தாளி வந்தால் முழுசாகும். நான் ஒரே நாளில் சோறு, ரொட்டி, சர்க்கரை மூன்றையும் நிறுத்தினேன். முதல் வாரம் தலைவலியும் சோர்வும் இருந்தது உண்மை. அதற்கப்புறம் பசியே குறைந்துவிட்டது, சாயங்கால வடா பாவைத் தாண்டிப் போவது சுலபமாகிவிட்டது. லோ கார்ப் முறையைப் பரப்பிய அமெரிக்க டாக்டர் அட்கின்ஸ் 1972இல் இதை எழுதியபோதே தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். கோடு தெளிவாக இருந்தால் தினமும் மனதோடு பேரம் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பலன் தந்தது.

சயான்_சிஸ்டர்

இந்த விவாதத்துக்கு நடுவில் ஒன்றை எல்லாரும் படித்துவிடுங்கள். வாசுவுக்கு மாத்திரை இல்லை, அதனால் அவருக்குப் பிரச்சினை குறைவு. ஆனால் இங்கே வந்து படிக்கிற பலர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருப்பீர்கள். நான் வார்டில் வேலை பார்க்கிறவள், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரும். மருந்தின் அளவையும் கூடவே குறைக்க வேண்டியிருக்கும், அதை அவர்தான் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவர்கள் இன்னும் கவனம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் இவை. கார்பை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும், அப்போது வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரில் எண் பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் எடையும் உப்பும் குறையும்போது தலைசுற்றல் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த இழையைப் பார்த்துத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

தாராவி_செல்வி

சிஸ்டருக்கு நன்றி, இதை நானே முதலில் எழுதியிருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு முக்கியமான விஷயம்.

கணேஷ் தம்பி, உங்களுக்கு வந்த தலைவலிக்குக் காரணம் உண்டு. கார்ப் சட்டென்று குறையும்போது இன்சுலின் குறைகிறது, அப்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியே விடுகிறது. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது அந்தத் தண்ணீரும் போகும். முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ குறைந்தது என்று சந்தோஷப்படுகிறோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். மெதுவாக இறங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது, அப்படியே இருந்தாலும் உப்புப் போட்ட மோரில் தீர்ந்துவிடும்.

நீங்கள் சொன்ன மாதிரி கடுமையாகத் தொடங்கி ஏற்றிக்கொள்ளும் முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். டயட்ஃபிட்ஸ் என்று பெயர், 2018இல் வெளிவந்தது, 609 பேர். லோ கார்ப் குழுவினரை முதலில் ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு இறக்கினார்கள், பிறகு தங்களால் என்றைக்கும் தாக்குப்பிடிக்க முடியும் என்று தோன்றுகிற அளவுக்கு அவர்களே ஏற்றிக்கொண்டார்கள். ஒரு வருடம் முடிந்தபோது சராசரியாக எங்கே நின்றார்கள் தெரியுமா? 130 கிராம் பக்கம். கொழுப்பைக் குறைத்த குழுவுக்கும் இவர்களுக்கும் எடைக் குறைப்பில் பெரிய வித்தியாசமும் இல்லை. 20க்குப் போய் 130க்கு ஏறுவதும் 300லிருந்து 130க்கு இறங்குவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடுகின்றன. தனியாக இருக்கிற ஆள், மனக்கட்டுப்பாடு உள்ளவர், உங்கள் வழியில் போகலாம். ஐந்து பேருக்கு ஒரே குக்கர் ஏறுகிற வீட்டில் எந்தப் பாதை நிலைக்கும் என்பதுதான் வாசு சார் கேட்பது.

முலுண்ட்_கணேஷ்

அக்கா, 130 விஷயம் யோசிக்க வேண்டியதுதான். நானும் இப்போது முன்பு போல 30இல் இல்லை, நூறு பக்கம் வந்திருக்கிறேன். ஆனாலும் சர்க்கரை போட்ட டீயை மட்டுமாவது ஒரே நாளில் நிறுத்தலாம் என்பேன்.

மாட்டுங்கா_மாமி

வாசு, சைவச் சமையலில் என்ன செய்வது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பு எண்ணத்தை எடுத்துவிடு. சோற்றை நிறுத்திவிட்டு ராகிக் களி, கம்பங்கூழ், சோள ரொட்டியான பாக்ரி என்று மாறினால் கார்ப் குறைந்துவிடும் என்று எங்கள் பில்டிங்கில் பாதிப் பேர் நம்புகிறார்கள். சமைக்காத நூறு கிராமில் வெள்ளை அரிசிக்கு 78 கிராம், ராகிக்கு 67, சோளத்துக்கு 68, கம்புக்கு 62, கோதுமை மாவுக்கு 64. அரிசியைவிட இவற்றில் நார் அதிகம், ராகியில் நூற்றுக்கு 11 கிராம் இருக்கிறது, அதனால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி என்பது பெரிய மாற்றமில்லை. அதேபோல ஏகாதசிக்கு ஜவ்வரிசி கிச்சடி சாப்பிடுகிறோமே, ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுதான், நூறில் 87க்கு மேல், புரதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு வறுத்த வேர்க்கடலையும் தயிரும் எவ்வளவோ மேல்.

இனி என்ன சாப்பிடலாம் என்பதற்கு வா. நம் சமையலிலேயே இருக்கிறது, வெளியே தேட வேண்டாம். பருப்பு உசிலியைத் தொட்டுக்கொள்கிற சமாச்சாரமாகவே நினைக்கிறோம், அதை ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டு மோர்க்குழம்பை மேலே விட்டுச் சாப்பிட்டுப் பார், சோறு ஒரு கரண்டி போதும். கொத்தவரங்காய், பீன்ஸ், வாழைப்பூ எல்லாவற்றிலும் பண்ணலாம். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் வாழைத்தண்டும் முருங்கைக்காயும் எப்போதும் கிடைக்கும். கீரை மசியல், புடலங்காய்க் கூட்டு, கத்தரிக்காய் கொத்சு, முட்டைக்கோஸ் பொரியல் எல்லாம் தாராளமாக. அவியலில் சேனையும் வாழைக்காயும் குறைத்து வெள்ளைப்பூசணி, புடலை, முருங்கை அதிகம் போடு. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி மூன்றும் காய் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும்.

காலைக்கு இட்லியை அடியோடு விட வேண்டாம். நாலை இரண்டாக்கி, தட்டில் கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், அவித்த முட்டை இரண்டு. வாரத்தில் இரண்டு நாள் முழுப் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த பெசரட்டு. மாவில் அரிசி கலக்காதே. பம்பாயில் இருக்கிற பெரிய சௌகரியம் முளைகட்டின மட்கியும் (நம் நரிப்பயறு) பச்சைப்பயறும் காய்கறிக் கடையிலேயே கிடைப்பது, ஊறவைக்கிற வேலைகூட மிச்சம். உசல் மாதிரி வெங்காயம் தேங்காய் போட்டுக் கிளறினால் பாவ் இல்லாமலே நன்றாக இருக்கும். மராத்திக்காரர்களின் பிட்லாவையும் கற்றுக்கொள், கடலைமாவில் பத்து நிமிட வேலை, நூறு கிராம் மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் அதிலும் பாதிக்கு மேல் கார்ப், ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்.

பருப்பும் அப்படித்தான். புரதம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. சோற்றையும் குறைத்துப் பருப்பையும் அளவோடு வைத்தால் மீதிப் பசிக்குப் பன்னீரும் முட்டையும் தயிரும்தான் வர வேண்டும்.

டோம்பிவிலி_ராஜன்

மாமி கலக்கிவிட்டீர்கள். அசைவக்காரர்களுக்கு நான் இரண்டு வரி. மீன்தான் மும்பையில் கையில் கிடைக்கிற நல்ல புரதம், சுர்மையைவிட (வஞ்சிரம்) பாங்கடா (கானாங்கெளுத்தி) விலை குறைவு, சத்தில் குறைவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது விலை ஏறும், அந்த இரண்டு மாதம் முட்டை, கோழி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். குறைந்த காசில் புரதம் வேண்டுமென்றால் சோயா உருண்டை, உலர்ந்த நிலையில் நூற்றுக்கு 52 கிராம்.

வாசு, உங்கள் உண்மையான எதிரி ஸ்டேஷன் வாசல் என்று நினைக்கிறேன். எனக்கு ஃபோர்ட் பக்கத்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து டோம்பிவிலி ஒரு மணி நேரத்துக்கு மேல், பசியோடு ஏறினால் இறங்கியதும் எது கண்ணில் பட்டாலும் வாங்கத் தோன்றும். அதனால் ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே மேசையில் வைத்து ஒரு கைப்பிடி வறுத்த சிங்தானாவும் (வேர்க்கடலை) ஒரு டம்ளர் மோரும். ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தாமரை விதை என்று சொல்லப்படும் மக்கானாவை டயட் பண்டம் என்று விற்கிறார்கள், அதில் நூற்றுக்கு 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, லேசாக இருப்பதால் தெரிவதில்லை.

வாஷி_பிரியா

நானும் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகிறது, மலச்சிக்கல் பெரிய தொந்தரவாக இருக்கிறது. வேறு யாருக்கும் உண்டா?

தாராவி_செல்வி

சோறு குறைந்த அளவுக்குக் காய் கூடவில்லை என்று அர்த்தம் பிரியா. ஒரு வேளைக்குத் தட்டில் பாதி காயாக இருக்கிறதா பாருங்கள். கீரை, வெண்டை, அவரை, வாழைத்தண்டு. தண்ணீரும் குறையக் கூடாது. பன்னீரும் முட்டையும் மட்டுமே என்று இருந்தால் இது வரத்தான் செய்யும்.

செம்பூர்_வாசு

எல்லாருக்கும் மிக்க நன்றி, மனைவியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். மாமியின் உசிலி யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. மூன்று கேள்வி இருக்கிறது. அம்மாவுக்கு 72, அவரும் என்னோடு சேர்ந்து குறைக்கலாமா? பிள்ளைகள்? அப்புறம், மூன்று மாதம் காத்திருக்காமல் நான் சரியான வழியில் போகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சயான்_சிஸ்டர்

அம்மாவுக்கு எடை குறைய வேண்டிய தேவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும், எழுந்து நடக்கிற பலம் போய்விடும். சோற்றைத் தொடாமல் ஒரு முட்டையோ கூடுதல் தயிரோ சேர்த்தாலே போதும். சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நான் மேலே எழுதியது அவருக்கும் பொருந்தும். பிள்ளைகளுக்கு லோ கார்ப் வேண்டாம், வளர்கிறவர்கள், ஓடியாடுகிறவர்கள். பாட்டில் ஜூஸும் பிஸ்கட்டும் குறைந்தால் அவர்களுக்கும் நல்லது, அவ்வளவு போதும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு, வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் குத்த வேண்டியதில்லை. ஒரு நாள் பழைய அளவுச் சோற்றோடு, சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளம் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இன்னொரு நாள் பாதிச் சோறும் உசிலியும் வைத்து அதேபோல. இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே வருகிறதா பாருங்கள். எந்தச் சாப்பாடு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் ஏற்றம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, எல்லாரும் 130க்கு வந்தே ஆக வேண்டும் என்றில்லை. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் ‘இண்டியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில் 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. நம் நாட்டில் பலர் 60 சதவீதத்துக்கு மேல் கலோரியை கார்பிலிருந்து எடுக்கிறோம். அதை 50லிருந்து 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 பக்கம் உயர்த்தினாலே, உங்களைப் போன்ற நிலையில் உள்ளவர்களில் பலர் இயல்புக்குத் திரும்ப வாய்ப்புண்டு என்று கணித்தார்கள். அது கணித மாதிரியில் வந்த முடிவு, ஆட்களுக்கு உணவு கொடுத்துப் பார்த்தது அல்ல. ஆனாலும் பாதி வழியில் நின்றாலே பலன் இருக்கலாம் என்று தெரிகிறது அல்லவா. மீட்டரில் எண்கள் நன்றாக இருக்கிற படியில் நின்றுகொள்ளுங்கள்.

செம்பூர்_வாசு

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். இந்த வாரம் டீ சர்க்கரையும் பிஸ்கட்டும். கணேஷ் வழியில் பிஸ்கட்டை ஒரே நாளில், சர்க்கரையை அக்கா சொன்னபடி அரை அரை ஸ்பூனாக. அடுத்து வடா பாவுக்குப் பதில் ஆபீஸிலேயே கடலையும் மோரும். அது பழகியதும் இரவுக்குக் கூட்டு, உசிலி, முட்டை, வேண்டுமென்றால் ஒரு சப்பாத்தி. மதிய டப்பா கடைசியில்.

மாட்டுங்கா_மாமி

டப்பாவை இப்போதே மாற்ற ஆரம்பிக்கலாம், சோற்றை ஒரேயடியாகக் குறைக்காமலே. இப்போது பெரிய அடுக்கில் சோறும் சின்ன அடுக்கில் பொரியலும் போகிறது இல்லையா, மனைவியிடம் அதை மாற்றி வைக்கச் சொல். சின்ன அடுக்கில் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு சோறு. பசித்தால் இன்னொரு அடுக்கில் கொஞ்சம் தயிர் சாதம் இருக்கட்டும், முதல் சில வாரம் அதைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை.

சயான்_சிஸ்டர்

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் ஒன்று. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால் ஒரு மாதத்திலேயே போய் எடுத்துவிட்டு மாறவில்லை என்று கவலைப்படாதீர்கள். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவான சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். கொலஸ்டிராலையும் இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். சோறு போன இடத்தில் நெய்யும் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதிகமாக வந்தால் சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்டிரால் ஏறும், அப்படி ஏறினால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேர்க்கடலை பக்கம் மாறிக்கொள்ளலாம்.